மூன்றாவது வரப்பு

ரம்பம் இப்போது ரொசாரியோவின் கையில் இருக்கிறது. அடுத்தது போஜன், அதற்கடுத்து நான், எனக்குப் பிறகு யாரும் இல்லை. ஷெட்டுக்காரர் முதலில் பார்ப்பது, வயதில் மூத்தவன் கடைசியில் பார்ப்பது என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்டோம். அப்போது எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. கடைசியில் பேசுகிறவன் அதிகம் பேச வேண்டியதில்லை, மற்றவர்கள் சொன்னதில் எது சரி என்று சொன்னால் போதும், எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. இன்றைக்கு அந்த நாற்காலியே வேண்டாம் என்றிருக்கிறது. என் வலது கையை ஸ்வெட்டர் பைக்குள் வைத்துத் தொடையோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், வெளியே தெரியாமல், மெதுவாக. தேய்ப்பது தொடைக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. பழைய டயர் ஒட்டும் ஷெட் இது, தகரக் கூரை, குன்னூருக்குக் கீழே ரயில் பாதை வளைகிற இடத்தில் இருக்கிறது, மத்தியானத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறிவந்தால் ஷெட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும். இப்போது நுழைந்துகொண்டிருக்கிறது. எதிரே அமல்தாஸின் மகள் பிலோமி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. அவள் ரம்பத்தைப் பார்க்கவில்லை, அதைத் தொடுகிற கைகளைப் பார்க்கிறாள். ரொசாரியோவின் கையைப் பார்த்து முடித்துவிட்டுப் போஜனின் கையைப் பார்க்கிறாள். என் பக்கம் வரும்போது பார்ப்பதற்குக் கை இல்லை, பைதான் இருக்கிறது.

அமல்தாஸையும் சேர்த்து நான்கு பேராக இருந்தோம், ஐப்பசியில் அவர் போய்விட்டார், மூன்று பேர். பழைய பவர்சா, அதாவது மோட்டார் ரம்பம், சேர்க்கிறவர்கள் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள், என் வீட்டுக்காரி மாராளே சிரிக்கிறாள். மரத்த வெட்டுனது பத்தாதுன்னு வெட்டுன மெசினக் கும்புடறீங்க என்பாள். கும்பிடுவதில்லை, பார்க்கிறோம், அவ்வளவுதான். எல்லா ரம்பமும் இல்லை, ஆர்டன் கம்பெனியுடையது மட்டும், பச்சை ஆர்டன். எஸ்டேட்டுகளில் சில்வர் ஓக்கும் கற்பூர மரமும் சாய்த்துக்கொண்டிருந்த காலத்தில் கப்பலில் வந்து இறங்கியது, பிறகு கம்பெனியும் இல்லை, ஸ்பேரும் இல்லை, காயலான் கடைக்குப் போனது போக மிஞ்சியதைத்தான் நாங்கள் தேடுகிறோம். முதலில் வந்த ஆர்டனுக்கும் பின்னால் வந்த ஆர்டனுக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் இல்லை. பக்கத்தில் வந்தால் உண்டு. ஸ்டார்ட் செய்யக் கயிறு இழுக்கிற பக்கத்து மூடியில் காற்றுப் போகக் கீற்று இருக்கும், முதலில் வந்ததில் ஏழு, பின்னால் வந்ததில் பதினொன்று. முன்பிடி முதலில் வந்ததில் வெறும் இரும்புக் குழாய், நேராக உடம்போடு முடுக்கியிருப்பார்கள், பின்னால் வந்ததில் குழாய்க்கும் உடம்புக்கும் நடுவில் அதிர்வு தாங்க ரப்பர். ஏழு கீற்று இருந்தால் ரப்பர் இருக்கக் கூடாது, ரப்பர் இருந்தால் ஏழு கீற்று இருக்கக் கூடாது. இரண்டும் ஒன்றில் இருந்தால் யாரோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு செத்த ரம்பத்தைச் சேர்த்து ஒரு ரம்பம் செய்திருக்கிறார்கள். அதை ஒட்டு என்போம். அப்படி இல்லாதது முழுசு. பழைய உடம்பும் குழாயும் இருந்து மூடி மட்டும் பதினொன்றானால் அது குறை, அதைப் பிரிக்காமல் ஏழு தேடுவோம். ஒட்டு என்று மேஜையில் முடிவானால் அன்றைக்கே அதைப் பிரித்துவிட வேண்டும், குறையுள்ள ரம்பம் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அந்தப் பாகம், இப்படித்தான் நாலைந்து ரம்பங்கள் முழுமை ஆயின. இந்த வழக்கத்தை வைத்ததே அமல்தாஸ்தான். ஒட்ட வச்சிருந்தா அது முழுசக் கெடுத்துடும் என்றார். இப்போது மேஜையில் சுற்றுகிறது அவருடைய ரம்பம், அதில் ஏழு கீற்றும் இருக்கிறது, ரப்பரும் இருக்கிறது.

ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை, முடிந்திருந்தால் என் விரலுக்கு வேலை இல்லை. செயின் பக்கத்து மூடியைக் கழற்றினால், சுற்றுகிற கிளட்சுக்குப் பின்னால், உடம்புச் சுவரில் வார்ப்பிலேயே வந்த மேடுகள் உண்டு, வயல் வரப்பு போல நீளமாக, பக்கத்தில் பக்கத்தில். வரப்பு என்றே சொல்கிறோம். பழைய உடம்பில் இரண்டு, புது உடம்பில் நான்கு. கண்ணுக்குத் தெரியாது. ரொசாரியோ ஒருமுறை பல் டாக்டரிடமிருந்து குட்டிக் கண்ணாடி வாங்கி வந்து பார்த்தார், கண்ணாடி போனால் வெளிச்சம் போகவில்லை, வெளிச்சம் போனால் கண்ணாடி போகவில்லை. கிளட்சைக் கழற்றிப் பார்க்கலாம், கழற்றினால் பழைய சீல் பெயர்ந்துவிடும், பெயர்ந்தது திரும்ப உட்காராது, அதனால் மேஜையில் கிளட்சைத் தொடக் கூடாது. சுண்டுவிரல் மட்டும் நுழையும், அதுவும் ஒல்லியான சுண்டுவிரல். ரொசாரியோவுடையது போகாது, போஜனுடையது பாதி போய் மாட்டிக்கொள்ளும். என்னுடையது போகும். அப்படி விட்டு விட்டுப் பார்த்ததில் இரண்டு ரம்பங்களில் மூன்று வரப்பு இருந்ததைக் கண்டேன். இரண்டிலும் ஏழு கீற்று மூடி, ரப்பர் பிடி. இரண்டுமே எஸ்டேட் ஸ்டோரில் மரப்பெட்டி பிரிக்காமல் கிடந்தவை, ஆணியை நாங்கள்தான் பிடுங்கினோம், ஒர்க்‌ஷாப்காரன் கை வைத்திருக்க முடியாது. அப்படியென்றால் கம்பெனியே பழையதிலிருந்து புதியதுக்குப் போகும்போது கொஞ்ச நாள் மூன்று வரப்பு உடம்பு வார்த்திருக்கிறான், மீந்துபோன ஏழு கீற்று மூடியை அதில் போட்டுத் தீர்த்திருக்கிறான். ஆகவே ஏழும் ரப்பரும் சேர்ந்திருந்து உள்ளே மூன்று இருந்தால் முழுசு, அதுவும் எங்களுக்குள் எல்லாவற்றையும்விட உயர்ந்த முழுசு. இரண்டோ நான்கோ இருந்தால் ஒட்டு. அவ்வளவுதான் கணக்கு. மூன்று வரை எண்ணத் தெரிந்தால் போதும். நான் ஐந்தாவது வரை படித்தவன், எண்ணுவதில் தப்பு வந்ததில்லை. மரம் எண்ணியிருக்கிறேன், சாய்த்த மரம், சாய்க்க வேண்டிய மரம், துண்டு, கட்டு, எல்லாம். எண்ணுகிறவனிடம் யாரும் அதிகம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், நடுவில் விட்டுப்போகும் என்று, எனக்கு அந்த வேலை பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ரொசாரியோ பேச ஆரம்பித்துவிட்டார். அவர் எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர், எதையும் நின்றுகொண்டுதான் சொல்வார். "மூடி ஏழு கீத்து. ஒரிஜினல் பெயிண்ட், மேல அடிக்கல. நம்பர் பிளேட் இல்ல, ரிவிட் ஓட்டை ரெண்டு இருக்கு. பிடி ரப்பர் வச்சது. ரப்பர் வெடிச்சிருக்கு, ஆனா இந்த ரப்பருக்கு இந்த வெடிப்பு சரிதான். பிலோமி, உங்கப்பா இதத் தொடவே விடமாட்டான், தெரியுமா? விரல் வச்சுப் பாத்துரலாம்டான்னா, முப்பது வருசம் குடும்பம் நடத்துனவகிட்ட போய் சர்ட்டிபிகேட் கேக்கச் சொல்றியான்னு சண்டைக்கு வருவான்." பிலோமி சிரித்தாள். "அம்மாகிட்டயும் அப்படித்தான் அங்கிள். ஸ்கேன் எடுத்துக்கச் சொன்னா சண்டைக்கு வருவார்." பிறகு சிரிப்பு நின்றது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் அமல்தாஸே சொல்லியிருக்கிறார், மெஷினைச் சங்கத்துக்குக் கொண்டு போ, நஞ்சப்பன் விரல வைக்கட்டும், ஒட்டுன்னா பிரிச்சுக் குடுத்துடு, அழக்கூடாது என்று. உயிரோடு இருந்தவரை பயந்தவர் போகும்போது என்னிடம் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ரம்பத்தில்தான் அவர் சம்பாதித்தார், பிலோமியின் படிப்பு அதில், வீட்டின் கூரை அதில். மகளுக்கு வேண்டியது மூடியோ பிடியோ இல்லை, அப்பா கையில் இருந்த மாதிரியே ஒரு முழுப் பொருள் இங்கே நாங்கள் ரம்பங்களை வைத்திருக்கிற சுவர்த் தட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபமாவது வந்திருக்கும். அமல்தாஸின் விரல்கள் ஞாபகம் வருகின்றன. கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பார், போன ஈஸ்டருக்குக் கூட வாசித்தார், விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து உட்காரும். என்னைப் போல அவரும் முப்பது வருஷம் ரம்பம் பிடித்தவர்தான். ரப்பர் இல்லாத ரம்பம் பிடித்தவனின் விரல் ஆர்மோனியம் வாசிக்காது, அது எனக்குத் தெரியும், என்னைவிட யாருக்குத் தெரியும். அப்படியானால் ரப்பர் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. அப்படியானால் முழுசு. இல்லை, அப்படி வராது. அவர் வாங்குவதற்கு முன்பே எவனாவது புது உடம்பில் பழைய மூடியைப் போட்டிருந்தாலும் ரப்பர் இருக்கும்தானே, விரலும் நன்றாகத்தானே இருக்கும். ஒரு மனிதனின் விரலை வைத்து ரம்பத்துக்குச் சாட்சி சொல்ல முடியாது. சொல்லலாம் போலத்தான் இருக்கிறது. முடியாது.

எனக்கு ரப்பர் கிடைக்கவில்லை. ஏழு கீற்று, இரும்புக் குழாய், அதுதான் எனக்கு எஸ்டேட்டில் கொடுத்தது. குளிர் காலையில் இழுத்து ஸ்டார்ட் செய்தால் குழாய் வழியாக முழங்கை வரை ஒரு கூட்டம் ஈசல் ஏறிப் போவது போல இருக்கும், சாயங்காலம் நிறுத்தின பிறகும் சோற்றுத் தட்டைப் பிடிக்கும்போது தட்டு நடுங்கும். பிறகு விரல் நுனி வெளுக்க ஆரம்பித்தது, மெழுகுவத்தி போல, குளிரில் மட்டும். அடுப்புப் பக்கம் வைத்தால் சிவந்து ஊசி குத்துவது போல வலித்துச் சரியாகிவிடும். எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது, பேசிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று இருந்து, எப்போது சரியாகாமல் நின்றது என்று மட்டும் தெரியவில்லை. எல்லாவற்றையும் எண்ணினேன், அதை எண்ணவில்லை. போன மழையில் ஒருநாள் மாராளுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அவள் திரும்பிப் பார்த்தவள், ஏனுங்க, பூண்டு எதுக்குச் சிவப்பா இருக்குது என்றாள். பார்த்தால் கத்தி சுண்டுவிரலில் ஆழமாகவே இறங்கியிருந்தது. ரத்தம் உரித்த பல்லிலெல்லாம் பட்டிருந்தது. கையில குளிர் புடிச்சுக்கிச்சு என்றேன். அவள் மஞ்சள் வைத்துக் கட்டினாள், பூண்டைக் கழுவிப் போட்டு ரசம் வைத்தாள், அன்றிலிருந்து என் சட்டைப் பித்தானை அவளே போட்டுவிடுகிறாள். இன்றைக்குக் காலையிலும் போட்டுவிட்டுத்தான் அனுப்பினாள். நான் வீட்டுக்குள் ஒத்திகை பார்த்தேன், அரிசிச் சல்லடையின் அடியில் கம்பி ஓடுகிறதே, கண்ணை மூடிக்கொண்டு அதைச் சுண்டுவிரலால் தடவி எண்ணினேன், நான்கு என்று வந்தது, கண்ணைத் திறந்தால் விரல் சல்லடை மேலேயே இல்லை, தரையில் இருந்தது. அப்புறம் எண்ணவில்லை. பித்தான் போடும்போது மாராள், இன்னிக்கு என்ன, நெஞ்சு இப்புடி அடிக்குது என்றாள். ஏத்தம் ஏறணுமே என்றேன். அப்போது இன்னும் வீட்டிலிருந்தே கிளம்பவில்லை.

இப்போது போஜன் கைக்கு வந்துவிட்டது. போஜன் எங்களில் சின்னவன், ஐம்பது இருக்கும், கோத்தகிரி ரோட்டில் ரம்பம், புல்வெட்டி எல்லாவற்றுக்கும் ஸ்பேர் விற்கிற கடை. அவன் எந்தப் பாகத்தையும் முதலில் முகர்ந்து பார்ப்பான். அவனிடம் இருக்கிற ஆர்டன் அந்தத் தட்டில் நடுவில் இருக்கிறது, இரண்டு வரப்பு, இரும்புக் குழாய், எல்லாம் பழசு, ஒரே ஒரு குறை, மூடி பதினொரு கீற்று. ஏழு கீற்று மூடி ஒன்று கிடைத்தால் அவனுடையது முழுமை. மூன்று வருஷமாகத் தேடுகிறான், மேட்டுப்பாளையம், கூடலூர், வால்பாறை வரை போய் வந்தான். அவன் அமல்தாஸின் மூடியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பேசுகிறான். "ரப்பர்ல பெயிண்ட் ஒட்டியிருக்கு பாருங்க. கம்பெனில பெயிண்ட் அடிச்சுட்டுதான் ரப்பர் மாட்டுவான். இதுல ரப்பர மாட்டிட்டு அடிச்சிருக்கு." ரொசாரியோ, "அது தொட்டுக்கறதுக்கு அடிச்சதுப்பா, டச்சப்பு," என்றார். "மெர்சிமேல சத்தியமா எனக்கு அந்த மூடி வேணும்னு சொல்லல," என்றான் போஜன். மெர்சி அவன் கடையில் வளர்கிற நாய். பிலோமி அவனைப் பார்த்து, "வேணும்னா வேணும்னு சொல்லுங்கண்ணா, அதுல என்ன," என்றாள். "வேணும்," என்றான். "ஆனா ஒட்டா இருந்தாதான் வேணும். முழுசா இருந்தா எனக்கு வேண்டாம். உங்கப்பா எனக்குச் சொல்லிக் குடுத்தது அது." அவன் சொல்வது உண்மை. அதனால்தான் கஷ்டமாக இருக்கிறது. அவன் பேராசைக்காரனாக இருந்தால் நான் மூன்று என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். யாரும் சரிபார்க்க முடியாது, வேறு விரல் இல்லை. விரலை விட்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் கழித்து மூன்று என்றால் மூன்று. பிலோமி ரம்பத்தைத் தட்டில் வைத்துவிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போவாள். அமல்தாஸுக்கு நல்லது செய்ததாக ஆகும். ஆனால் அடுத்து வருகிற ரம்பத்துக்கு இது அளவாகிவிடும், மூன்று வரப்பில் வெடிப்பு இப்படி, பெயிண்ட் இப்படி, ரிவிட் ஓட்டை இத்தனை தூரம் என்று இதை வைத்து அதைப் பார்ப்போம், அதை வைத்து இன்னொன்றை. ஒரு எண் பொய்யானால் அதற்குப் பின்னால் நிற்கிற எல்லா எண்ணும் பொய். மரக் கணக்கில் அப்படித்தான், நடுவில் ஒன்றைத் தாவிவிட்டால் கடைசி மரம் வரை தப்பு. இன்னொரு வழியும் இருக்கிறது. தெரியாது என்று ஒருவர் சொன்னால் ரம்பத்தைப் பிரிக்கக் கூடாது, அதுவும் எங்கள் வழக்கம்தான், ரொசாரியோ முதல் நாளே சிரித்துக்கொண்டு சேர்த்தது. இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருக்கத்தான் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை இத்தனை தூரம் வருகிறோமோ என்னவோ. தெரியாது என்று நான் சொன்னால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் கையை வெளியே எடுக்க வேண்டும். எடுத்த பிறகு நான் இந்த மேஜைக்கு எதற்கு. தேநீர் குடிக்க. பேசத் தெரியாதவன் தேநீர் குடிக்க வந்து உட்கார்ந்திருப்பான், மூத்தவர் என்று ஒரு நாற்காலி போடுவார்கள்.

"அண்ணே," என்றான் போஜன். ரம்பம் என் முன்னால் இருக்கிறது. எப்போது வைத்தான் என்று தெரியவில்லை. செயின் பக்கத்து மூடியை இரண்டு நட்டையும் கழற்றி எடுத்து ஓரமாக வைத்திருக்கிறான், உள்ளே பழைய மரத்தூள் எண்ணெயில் ஊறிக் கறுத்து அப்பியிருக்கிறது, அதைத் துடைக்கக் கூடாது. அமல்தாஸ் கடைசியாக அறுத்த மரத்தின் தூள். இடது கையால் கயிறு பக்கத்து மூடி மேல் விரலை ஓட்டிக் கீற்றை எண்ணினேன், தேவை இல்லை, கண்ணுக்கே தெரிகிறது, ஏழு, மறுபடி எண்ணினேன், ஏழு. இடது சுண்டுவிரலை விட்டுப் பார்க்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. குழாயை இரண்டு கையாலும்தானே பிடித்தேன், முன்பிடி இடது கைக்கு, அது இன்னும் மோசம், கீற்று கண்ணுக்குத் தெரிந்ததால் எண்ணினேனே தவிர விரலுக்குத் தெரிந்து இல்லை. வலது கையைப் பையிலிருந்து எடுத்தேன். நடு விரலும் மோதிர விரலும் சுண்டுவிரலும் இரண்டாவது கணு வரை வெள்ளை. மூட்டம் அதைக் கொஞ்சம் மறைத்தது. விரலை உள்ளே விட்டேன். போனது. போனதைக் கண்ணால் பார்த்தேன், கணு மறைந்ததால் உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். கண்ணை மூடினேன். இருட்டில் என் கை மணிக்கட்டோடு முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் எதுவோ இருக்கிறது, எதுவென்று தெரியவில்லை, கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பது போல. நகர்த்தினேன், மணிக்கட்டு நகர்ந்தது. ஒன்று என்று மனம் தானாகச் சொன்னது. அது வரப்பு இல்லை, பழக்கம். இரண்டு என்றது. மூன்று என்று சொல்லக் காத்திருக்கிறது. எவ்வளவு நேரம் இப்படி இருந்தேனோ, ரொசாரியோ, "நஞ்சப்பன், உள்ள தூங்கிட்டீங்களா?" என்றார். கண்ணைத் திறந்தேன். பிலோமி இப்போது என் கையைப் பார்க்கிறாள். ரத்தம் எடுக்கிறவள், அவளுக்கு வெளுப்பைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், முன்பே தெரிந்திருக்கும்.

"எனக்குத் தெரியல," என்றேன். "விரல் செத்துப்போச்சு. உணர்ச்சி இல்ல." சொன்ன பிறகு ஷெட்டில் ஒன்றும் இடிந்து விழவில்லை, கீழே ரயில் பாதையில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். ரொசாரியோ உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. "சரி, தெரியாதுன்னா தெரியாது. பிரிக்க வேண்டாம். வழக்கம் வழக்கம்தான்," என்றார், குரலில் ஒரு அவசரம், என்னைச் சீக்கிரம் அந்த இடத்திலிருந்து கடத்திவிட வேண்டும் என்பது போல. போஜன் தலையாட்டினான். அப்படியே முடிந்திருக்கும். பிலோமிதான், "இல்ல அங்கிள்," என்றாள். "அப்பா தெரிஞ்சுட்டு வரச் சொன்னார். தெரியாதுன்னு கேட்டுட்டுப் போறதுக்கு நான் லீவு போட்டு வரல." கைப்பையைக் கீழே வைத்தாள். "நான் வைக்கட்டுமா? நரம்பு தேடுற விரல்தான். குழந்தைங்களுக்கே கண்டுபிடிச்சுருவேன்." போஜன் மூக்கைச் சொறிந்தான். "அதுல ஒண்ணு இருக்கு பிலோமி. எத்தன வரப்பு இருந்தா நல்லதுன்னு உங்கப்பா உனக்குச் சொல்லியிருப்பாரே." "சொல்லியிருக்கார். மூணு." "அப்புறம் எப்படி?" "அப்புறம் எப்படின்னா? எண்ணத்தான் போறேன். என்னை நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம், இங்க நஞ்சப்பன் அங்கிள் சொன்னத இத்தன வருசமா எதப் பாத்து நம்புனீங்க?" ரொசாரியோ, "சரியா அடிச்சாடா," என்றார் மெதுவாக. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் பேசுகிறவன் நான்தானே. ரம்பத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவள் வளையலை முழங்கை வரை ஏற்றிக்கொண்டு சுண்டுவிரலை விட்டாள். கண்ணை மூடவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, வேறு யாரையோ பேச்சில் இழுக்கிற முகத்தோடு, ஊசி குத்தும்போது அப்படித்தான் செய்வாள் போலிருக்கிறது. ஒண்ணு என்றாள். ரெண்டு என்றாள். விரலைப் பின்னால் இழுத்து மறுபடி விட்டாள், உதட்டைக் கடித்தாள். மூன்று என்று சொல்லப் போகிறாள், சொன்னால் நான் நம்புவேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன், பதில் வருவதற்குள் அவள், "மூணாவது இருக்கு, ஆனா முழுசா இல்ல," என்றாள். "தொடங்குது. பாதில நின்னுடுது." "உடஞ்சிருக்கும்," என்றான் போஜன் உடனே. "உடஞ்சா சொரசொரன்னு இருக்கும்ணா. இது வழவழன்னு சரிஞ்சு முடியுது, நாக்கு நுனி மாதிரி. அப்படியே செஞ்சிருக்கான்." அவள் விரலை வெளியே எடுத்தாள், நுனியில் அமல்தாஸின் மரத்தூள் கறுப்பாக அப்பியிருந்தது, அதைத் துடைக்காமல் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள். பொய் சொல்கிறவள் மூன்று என்றிருப்பாள். பாதி என்று யாரும் பொய் சொல்வதில்லை, பாதியால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. இரண்டு, மூன்று, நான்கு என்று நான் போட்டு வைத்த கணக்கில் பாதிக்கு இடமே இல்லை. எங்கோ குளிர் நாட்டில் ஒரு வார்ப்பு அச்சுக்காரன் மூன்றாவது வரப்பை வெட்ட ஆரம்பித்து, பாதியில் ஒன்றிரண்டு வார்த்துப் பார்த்து, போதாது என்று மீதியை வெட்டியிருக்கலாம். இருக்கலாம். அப்படியானால் இது முழுசுக்கும் முந்தைய முழுசு. இல்லாமலும் இருக்கலாம். என் விரல் நன்றாக இருந்த காலத்தில் இது வந்திருந்தாலும், மூன்றாவது மேட்டின் தொடக்கம் தட்டுப்பட்ட உடனே மூன்று என்று சொல்லி விரலை எடுத்திருப்பேன். அந்தப் பெட்டி பிரிக்காத இரண்டிலும் அப்படித்தான் எடுத்தேனோ என்னவோ. கடைசி வரை விரலை ஓட்டினேனா? ஞாபகம் இல்லை. "அப்ப என்ன முடிவு?" என்றார் ரொசாரியோ. "தெரியாதுதான்," என்றேன், "ஆனா இது வேற தெரியாது. பிரிக்க வேண்டாம்." போஜன் செயின் பக்கத்து மூடியை எடுத்து அவனே மாட்டினான், இரண்டு நட்டையும் விரலாலேயே முடுக்கினான், ஸ்பேனர் கேட்கவில்லை. பிலோமி ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தட்டில் வைத்தாள், நாங்கள் உதவிக்குப் போகவில்லை.

ரொசாரியோ பிளாஸ்கைத் திறந்தார். நான் டம்ளரை வாங்கியபோது பிலோமி கர்ச்சீப்பை அதைச் சுற்றி வைத்தாள், சுடுது அங்கிள் என்றாள், எனக்குச் சுடவில்லை. போஜன் குடிக்கவில்லை. தட்டுப் பக்கம் நின்று தன்னுடைய ஆர்டனையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பாமல், "அண்ணே, எப்ப இருந்து?" என்றான். என்ன எப்ப இருந்து என்று நான் கேட்கவில்லை. "சரியாத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமா." "என்னோடது பாத்தப்ப?" அவனுடையதை நான் பார்த்தது மூன்று வருஷம் முன்னால், அதுவும் ஒரு குளிர் காலம், விரலை விட்டு இரண்டு என்றேன், அதை நம்பித்தான் அவன் ஏழு கீற்றுத் தேடி வால்பாறை வரை போனான். அன்றைக்கு விரலுக்குத் தெரிந்ததா, பழக்கம் சொன்னதா? "தெரியாது, போஜா," என்றேன். இரண்டாம் முறை சொல்லும்போது அந்த வார்த்தை அவ்வளவு கனமாக இல்லை. அவன் தன் ரம்பத்தை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேஜையில் வைத்து, செயின் பக்கத்து நட்டைக் கழற்ற ஆரம்பித்தான், ஒன்று, பிறகு இன்னொன்று, மூடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பிலோமியைப் பார்த்தான். அவள் வளையலை ஏற்றினாள். நான் கையைப் பைக்குள் வைக்க மறந்துவிட்டேன், அது மேஜை மேல் டம்ளருக்குப் பக்கத்தில் வெள்ளையாகக் கிடந்தது. அவள் விரல் உள்ளே போனது. ஒண்ணு என்றாள். ரெண்டு என்றாள். விரலை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை.